முடித்தவர் பெயர்

ஜனவரி 8

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நான் சொந்தமாக எழுதும் முதல் கடிதம் இது. இந்த வரிக்கு வந்து சேர ஒரு காலைப்பொழுது ஆயிற்று. ஒரு வருடத்துக்கு முன்னால் கையெழுத்துப் போடு என்றால் கட்டைவிரலை நீட்டியவன் நான். இப்போது நூலக மாடியில் நடக்கும் எங்கள் பெரியவர்கள் வகுப்பில் வேகமாகப் படிப்பது நான்தான் என்று டீச்சர் சொல்கிறார். எங்களோடு படிக்கும் தையல்காரருக்கு அதில் பொறாமை.

நாற்பத்தொரு வருடம் பிளம்பராக இருந்தேனே, அத்தனை வருடமும் மாட்டிய குழாயின் அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று போன வாரம்தான் படித்தேன். "அதிகமாக முறுக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. எத்தனை வீட்டில் முறுக்கித் தள்ளினேனோ.

நம் ஒப்பந்தத்தை மறக்காதே. சுகம் விசாரிப்பது மட்டும் போனில். மற்றதெல்லாம் கடிதத்தில், பெரிய எழுத்தில். நீ கம்ப்யூட்டர் கம்பெனியில் என்ன செய்கிறாய் என்று யாராவது என்னைக் கேட்டால் "ஏதோ தட்டுறா" என்று சொல்லியே ஆறு வருடத்தை ஓட்டிவிட்டேன். இனி எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும். மார்ச்சில் ஏதோ பதவிக்குப் பட்டியல் வரும் என்றாயே, அதையும் எழுது.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா


ஜனவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு மகளின் வணக்கம். நான் சௌக்கியம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்; எந்த நேரத்துக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். அம்மா சுகம்தானே? முழங்காலை ரொம்பச் சோதிக்காதீர்கள்.

வீட்டுக்கு வரும் தபால் அடிக்கடி தொலைந்துபோவதால் ஆபீஸ் விலாசம் கொடுத்தது நல்லதாயிற்று. உங்கள் கடிதத்தைப் பக்கத்து மேஜைப் பெண் தொட்டுப் பார்த்தாள். "இது முழுக்கக் கையாலயே எழுதினதா?" என்று கேட்டாள்.

என் வேலையைச் சொல்கிறேன். டாக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே நேரம் வாங்குவார்கள் அல்லவா? அதற்கான மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. அது எங்காவது மக்கர் செய்தால் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வரும். அதைச் சரிசெய்யும் குழுவில் நாங்கள் ஏழு பேர். உங்கள் வேலைதான் அப்பா. ஈரம் மட்டும் இல்லை.

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் நாற்பது பேருக்குக் காலை பத்து மணி என்று ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டது. கண் டாக்டர் வாசலில் நாற்பது பேர், எல்லார் கையிலும் பத்து மணிச் சீட்டு. மூன்று மணி நேரம் தேடினேன். அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரின் கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதனால் மென்பொருளுக்கு நாள் முழுக்கப் பத்து மணிதான். நின்றுபோன கடிகாரத்தை நம்பாதே என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தேன்.

எங்கள் மேனேஜர் மேடம் நல்லவர். எப்போதும் ஏதாவது மீட்டிங்கில் இருப்பார். குழுவில் ஒருவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஏன் என்று உங்களுக்கே புரியும். பிரிண்டருக்குப் பக்கத்தில் இன்னொருவர். எதைக் கேட்டாலும் "ம்" என்பார். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாலும் "ம்"தான். அவர் 'ம்'காரர்.

பதவி விஷயம் இதுதான். புகார் தீர்ந்ததும் 'முடிந்தது' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துகிறவர் பெயரில் ஓர் எண் ஏறும். சுவரில் உள்ள பெரிய திரையில் எல்லார் எண்ணும் தெரியும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அதிக எண் உள்ளவருக்குக் கை தட்டுவோம். வருட எண்ணிக்கையைப் பார்த்து மார்ச்சில் குழுத் தலைவர் யார் என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பதவி வேண்டும் அப்பா. உங்களிடம் சொல்வதற்கென்ன, ரொம்பவே வேண்டும்.

உங்கள் செல்ல மகள்


பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு அப்பா. இங்கே எல்லாரும் நலம். உன் நலத்தைப் போனில் கேட்டுவிட்டேன், இருந்தாலும் எழுத்திலும் கேட்கிறேன். எழுதிக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

உன் கடிதத்தை வகுப்பில் சத்தமாக வாசித்தேன். கண் டாக்டர் வாசலில் நாற்பது பேர் நின்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். காய்கறிக்காரம்மா மட்டும், "நாப்பதாவதா நின்ன ஆளு பாவம். கண்ணும் தெரியாம கால் கடுக்க நின்னிருப்பாரு" என்றார். நின்றுபோன கடிகாரத்தை நீ பிடித்தது தெரிந்ததும், "கெட்டிக்காரிதான்" என்று டீச்சரே சொன்னார்.

ஒரு சந்தேகம். அந்த நாற்பது பேர் புகாருக்கு உன் பெயரில் எண் ஏறியதா? அந்தத் திரையில் நீ எத்தனையாவது இடம்?

அப்பா


பிப்ரவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். சளி பிடித்திருந்தது, போய்விட்டது.

கேட்கக் கூடாத கேள்வியாகப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். ஏழு பேரில் நான் ஆறாவது.

ஒரு புகாரைச் சரிசெய்த பிறகு, ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு "இப்போது சரி" என்று பதில் எழுத வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமும் ஆகும், ஒரு நாளும் ஆகும். அதுவரை நான் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன். அடுத்த புகாருக்குள் இறங்கிவிடுவேன். முந்திரிக்கொட்டைக்கு அந்தப் பதில்கள் மேலேயே கண். பதில் வந்ததும் அழுத்திவிடுவார். "சரியாயிடுச்சுன்னு வந்திருந்துச்சு, நானே முடிச்சிட்டேன். உனக்கு ஒரு வேலை மிச்சம்" என்பார். தேங்க்ஸ் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

நாற்பது பேர் புகாரும் அவர் எண்ணில்தான். ஏழாவது இடம் 'ம்'காரருக்கு. எனக்குக் கீழே ஒருவராவது இருக்கிறாரே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

ஆனால் யார் என்ன செய்தோம் என்று ஒவ்வொரு புகாரின் உள்ளேயும் குறிப்பு இருக்கும். மேடம் அதையெல்லாம் பார்ப்பார் என்று நினைக்கிறேன். நானே போய்க் கேட்டிருக்கலாம். மேடம் அறை வாசல் வரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரி திரும்பிவிட்டேன்.

அம்மாவுக்கு என் அன்பு.
மகள்


மார்ச் 3

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. சளி போனது கேட்டு நிம்மதி. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, மற்றபடி சுகம்.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு என் காலம் நினைவுக்கு வந்தது. கைகழுவும் தொட்டிக்கு அடியில் நான் படுத்துக்கொண்டு பைப்பை மாற்றுவேன். கடைசி நிமிஷம் காண்டிராக்டர் உள்ளே வந்து குழாயைத் திறப்பார். "பாருங்கம்மா, தண்ணி வந்துடுச்சு" என்பார். வீட்டுக்காரம்மா அவருக்குத்தான் டீ கொடுப்பார். அடியில் படுத்திருப்பவனின் காலைத் தாண்டிக்கொண்டு போய்க் கொடுப்பார். நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஆகவே உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு புத்திமதியும் கிடையாது.

பட்டியல் வந்த அன்றே எழுது. இந்த விஷயம் போனில் வேண்டாம். நானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா


மார்ச் 24

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? தாமதத்துக்கு மன்னியுங்கள்.

பட்டியல் வந்துவிட்டது. மேடம் மீட்டிங் அறையில் படித்தார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினோம். பெரிய கேக் வந்தது, நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். என் இடம் மாறிவிட்டது. இப்போது ஜன்னல் ஓரம். வெளியே ஒரு மரம் இருக்கிறது, நல்ல வெளிச்சமும் வருகிறது. வேலை கூடிவிட்டது. அதனால் இத்துடன் நிறுத்துகிறேன். வெயிலில் அலையாதீர்கள்.

மகள்


ஏப்ரல் 6

மரியாதைக்குரிய மேனேஜர் அம்மா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் குழுவில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணின் அப்பா நான். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. அவள் ஐந்தாவது படித்தவள், காட்டினால் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவாள்.

என் மகளுக்குக் குழுத் தலைவர் பதவி கொடுத்ததற்கு நன்றி சொல்லவே எழுதுகிறேன். கை தட்டல், கேக், ஜன்னல் ஓர இடம் எல்லாம் எழுதியிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கண் டாக்டர் வாசலில் நாற்பது பேர் நின்ற அன்று, நின்றுபோன கடிகாரத்தை என் மகள் கண்டுபிடித்தாள். நீங்கள் என் மகளைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பொத்தானை அழுத்திய கை எது என்று பார்ப்பது சுலபம். நீங்கள் உள்ளே போய், வேலை செய்த கை எது என்று பார்த்திருக்கிறீர்கள். நாற்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்க் குழாய் வேலை செய்தவன் நான். அப்படிப் பார்க்கிற ஒருவரை நான் சந்தித்ததில்லை. நேரில் பார்க்காவிட்டாலும் இப்போது சந்தித்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஓய்வு பெற்ற பிளம்பர்


ஏப்ரல் 17

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நீங்களும் உங்கள் துணைவியாரும் நலமா? பேனா பிடித்துக் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது. என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நன்றிக்கு நான் உரியவள் இல்லை. அந்தப் பதவி உங்கள் மகளுக்குக் கொடுக்கப்படவில்லை. திரையில் முதலிடத்தில் இருந்தவருக்கே கொடுத்தேன். உங்கள் மகள் அதை உங்களிடம் சொல்லவில்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. அவளைக் கேட்காமல் உங்களுக்கு எழுதக் கூடாது என்று கூப்பிட்டுக் கேட்டேன். "எழுதுங்க மேடம். நான் எழுத உட்கார்ந்து மூணு தாளைக் கிழிச்சிட்டேன்" என்றாள்.

நாற்பது பேர் புகாரைத் திறந்து பார்த்தேன். முடித்தவர் என்று ஒரு பெயர். உள்ளே பதினொரு குறிப்புகள், அத்தனையும் உங்கள் மகளுடையவை. என் மேஜையிலிருந்து அதைத் திறக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. வருடம் முழுக்க அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. மாதம் தவறாமல் கை மட்டும் தட்டியிருக்கிறேன்.

வருட எண்ணிக்கையைத் திரும்பப் பார்க்க மேலதிகாரிகளிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். முடிவு என்னவாகும் என்று இப்போது சொல்ல முடியாது.

மரியாதையுடன்,
மேனேஜர்


ஏப்ரல் 22

அன்பு மகளுக்கு அப்பா. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் மேனேஜரின் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். பிறகு உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். "அவளுக்குக் கிடைக்கலைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள். நான் இன்னும் அந்த வரிக்கே வரவில்லை. அவளே மாட்டிக்கொண்டாள். ஆக, போனில் சுகம் மட்டும்தான் என்ற ஒப்பந்தம் எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

"அவ அழுதா. உங்ககிட்ட சொல்லாதேன்னா. நீங்க வேற ஊரெல்லாம் சொல்லிட்டு வந்து நின்னீங்க. நான் என்ன பண்றது?" என்றாள் உன் அம்மா. உண்மைதான். வகுப்பில் சொன்னேன், தபால்காரரிடம் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். இப்போது ஒவ்வொருவராகத் தேடிப்போய் இல்லையாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏழு பேர் ஆயிற்று. தையல்காரரைக் கடைசியாக வைத்திருக்கிறேன்.

பதவி கிடைக்காததில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். நீ கேக் சாப்பிட்டேன் என்று எழுதியபோது எப்படி இருந்திருப்பாய் என்று நினைக்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் ஆபீஸுக்குக் கடிதம் போட்டது தப்பு. உனக்கு அங்கே தலைகுனிவாகிவிட்டதா? கோபம் என்றால் கோபம் என்றே எழுது. அதையும் படிக்கக் கற்றுக்கொள்கிறேன்.

அப்பா


மே 20

அன்புள்ள அப்பா,

பதவி எனக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தடவை அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். மற்றபடி நான் நலம். நிஜமாகவே நலம். உங்கள் இருவர் நலமும் எழுதுங்கள்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். மேடம் கூப்பிட்டு, "உங்க அப்பா எனக்கு லெட்டர் போட்டிருக்கார்" என்றதும் எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்று இருந்தது. இரண்டு நாள் உங்கள் மேல் கோபம். பிறகு அதைப் படிக்கக் கொடுத்தார். அதோடு கோபம் போய்விட்டது. நான் வாசல் வரை போய்த் தண்ணீர் குடித்துத் திரும்பிய அறைக்குள் நீங்கள் ஒரு தபால் தலையை ஒட்டிக்கொண்டு நேராகப் போய்விட்டீர்கள்.

மேடம் என்னிடம் ஒன்று கேட்டார். "உன்னோடதையும் அவரோடதையும் மட்டும் திரும்பப் பார்த்தா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும். இல்ல, ஏழு பேரோடதையும் பார்க்கணுமா?"

"ஏழு பேரோடதையும் பாருங்க மேடம்" என்றேன். உடனே எனக்கு நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். எப்படி எண்ணினாலும் நான்தான் முதலில் வருவேன் என்ற திமிர்தான்.

அனுமதி கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. பிறகு இரண்டு நாள் ஏழு பேரும் மீட்டிங் அறையில் உட்கார்ந்தோம். முந்திரிக்கொட்டைக்கு முகம் சிவந்துவிட்டது. "யார் முடிச்சான்னுதானே எண்ணினீங்க? அதைத்தானே நான் செஞ்சேன்?" என்று கேட்டார்.

"ஆமா. தப்பு எண்ணினவங்க மேலதான். அதுல நான்தான் முதல் ஆள்" என்றார் மேடம்.

அறுநூற்று நாற்பது புகார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருக்கும் குறிப்பைப் படித்து, செய்தது யார் என்று மேடமே கேட்டார். முதல் புகார் என்னுடையது. அடுத்தது, "இது யாரு?" என்றார். மூலையிலிருந்து "ம்" என்று சத்தம் வந்தது. "நீங்களா?" "ம்." இன்னும் இரண்டு தள்ளி, மறுபடி "ம்." பதினைந்தாவது "ம்" வந்தபோது எல்லாரும் சிரித்துவிட்டோம். ஐம்பதாவதில் யாரும் சிரிக்கவில்லை. நான் தலையைக் குனிந்து தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நாலு வருடமாக அந்தப் பிரிண்டருக்குப் பக்கத்தில் என் கண் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு நடந்ததே அவருக்கும் நடந்திருக்கிறது. நான் அவருக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கணக்கு இது. 'ம்'காரர் இருநூற்று முப்பத்தொன்று. நான் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. திரையில் நானூற்றுப் பத்து என்று இருந்த முந்திரிக்கொட்டை, நாற்பத்தேழு.

"உங்களுக்கு இந்தப் பொறுப்பு வேணுமா? கூச்சமா இருந்தா யோசிச்சுச் சொல்லுங்க" என்று மேடம் அவரிடம் மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்பார் என்று நான் நினைத்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன், அப்படி நடக்காதா என்றும் நினைத்தேன்.

"வேணும்" என்றார். "நாலு வருஷமா வேணும்."

அன்று நான்தான் முதலில் கை தட்டினேன். முழு மனதோடா என்று கேட்டால், முக்கால் மனதோடு. மீதிக்கால் வீடு வந்து சேர்வதற்குள் வந்துவிட்டது.

திரையை மாற்றிவிட்டார்கள். எண் கிடையாது. ஒவ்வொரு புகாருக்கும் கண்டுபிடித்தவர், சரிசெய்தவர், காத்திருந்து சோதித்தவர், முடித்தவர் என்று எல்லார் பெயரும் வருகிறது. முந்திரிக்கொட்டை இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தக் கடிகாரத்தை எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிக்கொடுத்தேன்.

புதுத் தலைவர் இப்போது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறார். அதில் ஒன்று என் பெயர். கஷ்டமான புகார் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

அம்மாவைத் திட்டாதீர்கள். நான்தான் சத்தியம் வாங்கினேன்.

மகள்


ஜூன் 3

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். அவளைத் திட்டவில்லை. திட்டுகிற அளவுக்கு இந்த வீட்டில் எனக்குச் செல்வாக்கு இல்லை.

உன் கடிதத்தை வாசித்து முடிக்க வகுப்பில் முழு நேரமும் போய்விட்டது. முடித்ததும் சண்டை. "ரெண்டு பேரோடதை மட்டும் எண்ணச் சொல்லியிருந்தா பதவி வந்திருக்கும். உங்க பொண்ணுக்கு விவரம் பத்தாது" என்றார் தையல்காரர். காய்கறிக்காரம்மா விடவில்லை. "அப்போ மூலையில கெடந்த அந்த மனுஷனுக்கு யாரு எண்ணுவா? நீயா வந்து எண்ணுவே?" என்று பிடித்துக்கொண்டார். தையல்காரர் பதிலுக்கு ஏதோ சொல்ல, நூலகத்திலிருந்து ஆள் மேலே வந்து, "கொஞ்சம் மெதுவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் டீச்சர், "கை தூக்குங்க, எண்ணிடலாம். பதவி இவர் மகளுக்குப் போயிருக்கணுமா, அந்த மூலையில இருந்தவருக்கா?" என்றார்.

முதலில் உனக்குக் கேட்டார். நான் உடனே தூக்கிவிட்டேன். அப்பன் இல்லையா. தையல்காரரும் எனக்காகத் தூக்கினார். மற்ற யாரும் தூக்கவில்லை. காய்கறிக்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு வருஷமா வேணும்" என்ற வரியை நான் வாசிக்கும்போது என் குரல் என்ன ஆயிற்று என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். கையை இறக்கினேன். மெதுவாகத்தான் இறக்கினேன். டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

பிறகு அவருக்காகக் கேட்டார். மறுபடி தூக்கினேன். இந்தத் தடவை கை அவ்வளவு உயரம் போகவில்லை. இருந்தாலும் டீச்சர் அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்.

உன் அப்பா